பல் விழுந்த பிறகு வந்த படம்

1

போன ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்கு மேல் முன்பல் விழுந்தது. ஊரில் இல்லாத அப்பனுக்கு எல்லாமே போனில்தான் விழும். இங்கே மஸ்கட்டில் ஞாயிறு வேலை நாள். மதிய டிரிப் முடிந்து பள்ளிக்கூட பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தேன். வீடியோவில் வந்தவள் வணக்கம் சுகம் ஒன்றும் இல்லாமல் வாயைத் திறந்து காட்டினாள்.

"அப்பா, இங்கன பாருங்க. ஓட்டை!"

"ஏட்டி, பல்லை என்ன செஞ்ச?"

"சாணில உருட்டி மாடில எறிஞ்சாச்சு. மொதத் தடவ எறிஞ்சது கீழ விழுந்துட்டு. ரெண்டாவது அம்மா எறிஞ்சா."

அதற்கு மேல் பேச்சில்லை. "யல்லா, பை" என்று வைத்துவிட்டாள். அந்த 'யல்லா' என்னுடைய சொல். பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றும்போது நான் சொல்வது. கிளம்பு, சீக்கிரம் என்று அர்த்தம். என்னிடமிருந்து அவள் எடுத்துக்கொண்டது அந்த ஒரு சொல்தான். அதையும் என்னைக் கிளப்பத்தான் வைத்திருக்கிறாள்.

மறுநாள் காலை பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு போனை எடுத்தேன். வழக்கமான படம் வந்திருந்தது. கீழப்பாவூரில் எங்கள் வீட்டு வாசல். ஸ்கூட்டியின் பின்சீட்டில் தர்ஷினி. தலையில் நான் வாங்கி அனுப்பிய சிவப்பு ஹெல்மெட், நெஞ்சில் நான் வாங்கி அனுப்பிய பெல்ட். பள்ளிக்குக் கிளம்பும் முன் என் மனைவி செல்வி தினமும் அனுப்ப வேண்டிய படம். அது வந்தால்தான் எனக்கு டீ இறங்கும்.

எங்கள் பஸ்ஸில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள லீலாம்மா சேச்சி இருக்கிறார். புனலூர்க்காரர். பல் விழுந்த கதையை அன்று காலை முதல் ஸ்டாப்பிலேயே அவரிடம் சொல்லியிருந்தேன். படத்தைக் காட்டினேன். கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் பார்த்தார்.

"பல்லு போயின்னு பறஞ்சிட்டு?"

"ஆமா சேச்சி."

"ஈ போட்டோல பல்லு உண்டல்லோ?"

பார்த்தேன். இருந்தது. ஹெல்மெட்டுக்குள்ளே ஈயென்று சிரிக்கிறாள். மேல் வரிசையில் ஒரு பல் குறையவில்லை.

2

தினமும் படம் கேட்கிற ஆள் என்ன ஆள் என்று நினைப்பீர்கள். நான் பயந்தாங்கொள்ளிதான். மறைக்கவில்லை.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கி, பிறகு டெம்போ ஓட்டினேன். காய் டெம்போ ஓட்டியவனுக்கு ஒன்று தெரியும்: காலை எட்டு மணிக்கு அவன் கண் ரோட்டில் இருக்காது. வெண்டைக்காய் வாடுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்ற நினைப்பில்தான் இருக்கும். பக்கத்தில் ஒரு ஸ்கூட்டி போனால் அது அவனுக்கு ஒரு இடைஞ்சல். அதில் ஒரு பிள்ளை இருப்பது தெரியவே தெரியாது. எனக்கும் தெரிந்ததில்லை. என் மகள் பள்ளிக்குப் போவது அதே ரோட்டில், அதே எட்டு மணிக்கு.

இங்கே வந்து பதினோரு வருடம். லைசென்ஸ் எடுக்க மூன்று முறை தோற்றேன். கை ஓட்டும், கேள்வித்தாள் ஓடாது. அதற்குப் பிறகு பள்ளி பஸ் ஓட்ட தனி அட்டை. அதற்குக் கண் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை, ஒரு பேப்பரில் குறைந்த சீலுக்காக இன்னொரு ஆபீஸ், அந்த ஆபீஸ் பூட்டியிருந்ததற்காக மறுபடி ஒரு நாள். ஆனால் கடைசியில் ஒரு ஆள் இரண்டு நாள் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தது இன்றைக்கும் மறக்கவில்லை. ஒவ்வொரு பெல்ட்டையும் கையால் இழுத்துப் பார். போட்டாயா என்று பிள்ளையிடம் கேட்காதே. பிள்ளை ஆமாம் என்றுதான் சொல்லும். டிரிப் முடிந்ததும் கடைசி சீட் வரை நடந்து போய்ப் பார். பிள்ளைகள் தூங்கிவிடும். தூங்குகிற பிள்ளை சத்தம் போடாது.

அதையேதான் தினமும் செய்கிறேன். முப்பத்தொரு பிள்ளைகள். முப்பத்தொரு கொக்கி. இறக்கிவிட்டு, கடைசி சீட் வரை நடந்துவிட்டு, அப்புறம்தான் போன்.

ஊரான் பிள்ளைகளுக்கு இப்படிக் கொக்கி மாட்டிவிட்டு, என் பிள்ளை எப்படிப் போகிறாள் என்று தெரியாமல் இருக்க முடியுமா?

3

இந்தப் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. போன வாரம் வரை அதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

இரண்டு வருடம் முன்பு லீவில் போயிருந்தேன். சீசன். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. தர்ஷினிக்கு அப்போது ஐந்து வயது. செல்விக்குக் காய்ச்சல் என்பதால் நானும் மகளும் மட்டும் கூட்டாளி ஒருவனின் பைக்கை வாங்கிக்கொண்டு ஐந்தருவிக்குப் போனோம். நன்றாகக் குளித்தோம். மங்குஸ்தான் ஒரு பை வாங்கினேன். திரும்பும்போது அவளை முன்னால் டேங்க்கில் உட்காரவைத்து, பையை அவள் மடியில் கொடுத்தேன். நம் ஊரில் எல்லா அப்பன்களும் அப்படித்தான் வைக்கிறார்கள்.

அருவியில் குளித்த பிள்ளை, வயிறு நிறைய பஜ்ஜி, முகத்தில் குளிர்ந்த காற்று. தூங்காமல் என்ன செய்யும்? தென்காசி தாண்டியதும் தலை ஆடியது. இடது கையால் பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று ஓட்டினேன். நான் செய்த தப்பு அதுதான். திடீரென்று அவள் தலை வலப்பக்கம் சாய்ந்து ஆக்ஸிலேட்டர் பிடித்திருந்த கையின் முழங்கையில் விழுந்தது. வண்டி பாய்ந்தது. முன் பிரேக்கைப் பிடித்தேன். ரோட்டோரத்து ஈர மணலில் வண்டி படுத்துவிட்டது.

அவள் புல்லில் உருண்டாள். தாடையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். பின்னால் வந்த டெம்போ ஒரு கை தூரத்தில் நின்றது. டிரைவர் இறங்கி வந்து முதலில் பிள்ளையைத் தூக்கினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வே, பிள்ளைய டேங்க்ல வச்சுத் தூங்க விட்டுட்டு வாறீரே. சோறுதான் திங்கீரா?"

சிதறிய மங்குஸ்தானைப் பொறுக்கினேன். அவள் அழுகையை நிறுத்தியதும் மண்ணைத் தட்டிவிட்டுச் சொன்னேன்: "தங்கம், அம்மாகிட்ட சொல்லாத என்ன? பயந்துருவா. அருவியில வழுக்கிட்டுன்னு சொல்லிருவோம்."

யோசித்தாள். "மங்குஸ்தான் வாங்குனதச் சொல்லலாமாப்பா?"

"அதச் சொல்லலாம்."

வீடு வரை அவளைப் பின்னால் உட்காரவைத்து, என் துண்டால் என்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, சைக்கிள் வேகத்தில் வந்தேன். தெரு முனையில் துண்டை அவிழ்த்துவிட்டேன்.

4

மஸ்கட் திரும்பிய முதல் வெள்ளிக்கிழமை சின்னப் பிள்ளை ஹெல்மெட் தேடி அலைந்தேன். கடைக்காரர் தலையளவு கேட்டார். செல்வியிடம் தையல் டேப்பால் புருவத்துக்கு மேலே சுற்றி அளக்கச் சொன்னேன். "தொப்பி தைக்கப் போறியளா?" என்று சிரித்தாள். வளர்கிற பிள்ளை, பெரிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள். சட்டை இல்லை இது, ஆடினால் இருந்தும் இல்லாத மாதிரிதான் என்றேன். பெல்ட், பிள்ளையின் இரண்டு தோளிலும் மாட்டி, ஓட்டுகிறவர் இடுப்பைச் சுற்றிக் கொக்கி போடுவது.

இரண்டையும் கடையநல்லூர் நண்பர் ஒருவர் கொண்டு போனார். விமான நிலையத்தில் பெல்ட்டை விரித்துப் பார்த்து "இது என்ன, பாராசூட்டா?" என்று கேட்டு அரை மணி நேரம் நிறுத்திவிட்டார்களாம். பிள்ளை எங்கே என்றும் கேட்டார்களாம்.

சாமான் போய்ச் சேர்ந்த அன்று செல்விக்குப் பதினோரு நிமிடம் பேசி அனுப்பினேன். உங்களுக்கும் உதவும், சுருக்கிச் சொல்கிறேன். பிள்ளையை முன்னால் நிறுத்தவோ டேங்க்கில் வைக்கவோ கூடாது. பிரேக் பிடித்தால் முதலில் போய் முட்டுவது அதன் முகம். பின்னால் வை, இரண்டு காலும் மிதியில் எட்ட வேண்டும், எட்டவில்லையென்றால் பள்ளி வேனுக்கு அனுப்பு. செருப்பு வேண்டாம், ஷூ. துப்பட்டாவை முடிச்சுப் போட்டு உள்ளே செருகு. ஹெல்மெட் வாருக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரல்தான் நுழைய வேண்டும். வேகம் நாற்பதைத் தாண்டாதே. பிள்ளையிடம் பேசிக்கொண்டே போ. பதில் வரவில்லையென்றால் தூங்குகிறது, வண்டியை ஓரம் கட்டு. குளித்த கையோடு, சாப்பிட்ட கையோடு தூரம் போகாதே. நாலு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு பெல்ட் கட்டத்தான் வேண்டும் என்று சட்டமே இருக்கிறது; ஐந்து வயதுப் பிள்ளை என்ன ரப்பரா?

கடைசியாகச் சொன்னது: கிளம்பும் முன் தினமும் ஒரு படம்.

நான்கு வார்த்தையில் பதில் வந்தது. "சரி. நீங்க சாப்பிட்டியளா, தூங்குங்க."

ஆனால் படம் வந்தது. தவறாமல் வந்தது. அந்தப் படங்களை நம்பி நான் நிம்மதியாக பஸ் ஓட்டினேன்.

5

சேச்சி பல்லைக் காட்டிய திங்கட்கிழமை, பகல் முழுவதும் காலி பஸ்ஸில் உட்கார்ந்து பழைய படங்களைத் திறந்து பார்த்தேன்.

எங்கள் வீடு கிழக்குப் பார்த்த வீடு. காலையில் வாசலில் நிற்கும் வண்டியின் நிழல் வீட்டுப் பக்கம் விழ வேண்டும். படத்தில் தெருப் பக்கம் விழுந்திருந்தது. சாயங்கால வெயில். அடுத்த படம், அதுவும் தெருப் பக்கம். கொடியில் ஒரே நீலத் துண்டு. அதன் ஓரத்தில் ஒரே மடிப்பு. நாற்பத்து மூன்று படங்கள் அப்படி. அதற்கு முந்தின படங்களில் நிழல் சரியாகத்தான் இருந்தது.

என்ன வேலை செய்திருக்கிறாள்! சிவப்பு ரிப்பன், வெள்ளை ரிப்பன். புதன்கிழமைக்கு மஞ்சள் பனியன். ஒரு படத்தில் கையில் தண்ணீர் பாட்டில், ஒரு படத்தில் இல்லை. வண்டியை ஒருமுறை முருங்கை பக்கம் திருப்பி, ஒருமுறை கேட் பக்கம் திருப்பி. ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து எடுத்திருப்பார்கள். அம்மா எடுக்க, மகள் ஓடிப் போய் ரிப்பன் மாற்றிக்கொண்டு வர, இரண்டு பேரும் சிரித்திருப்பார்கள். அந்தச் சிரிப்புதான் எல்லாப் படத்திலும் இருந்தது. அதைப் பார்த்து, பிள்ளைக்கு ஹெல்மெட் பிடித்திருக்கிறது என்று நான் சேச்சியிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒரு வேற்று ஆள் ஏமாற்றியிருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். இவர்கள் இரண்டு மாதமாக என்னை ஏமாற்றிவிட்டு, சாயங்காலம் போனில் "சாப்பிட்டியளா" என்றும் கேட்டிருக்கிறார்கள்.

6

அன்று மதிய டிரிப் முடிந்ததும் கூப்பிட்டேன்.

"இன்னைக்குப் போட்டோவ எப்ப எடுத்த?"

"காலையிலதான். ஏன்?"

"பல்லு இருக்கு செல்வி."

களுக்கென்று சிரித்தாள். "ஐயோ, பல்ல மறந்துட்டேனே!"

அவள் சிரித்து முடிப்பதற்குள் கேட்டேன்: "ஹெல்மெட் எங்க?"

"பீரோ மேல. கவர் போட்டு."

"கவரா?"

"தூசி அடையும்லா. வெளிநாட்டுச் சாமான்."

"பிள்ளைய எப்படிக் கூட்டிட்டுப் போற?"

"முன்னால நிக்க வச்சுதான். என் ரெண்டு கைக்குள்ள நிக்கா, கண்ணு முன்னால இருக்கா. பின்னால வச்சா இருக்காளா விழுந்துட்டாளான்னு நான் எப்படிப் பாப்பேன்?"

"அதுக்குத்தானே பெல்ட்டு!"

"பெல்ட்டையும் மாட்டித்தான் பாத்தேன். மார்க்கெட் பக்கம் ஒரு பொம்பள நிறுத்திக் கேக்கா, 'உசுரோட இருக்க பிள்ளைய எதுக்கு மதினி கட்டிட்டுப் போற, பாடையில கட்டுத மாதிரி'ன்னு. அன்னைக்கே அவுத்துட்டேன்."

"அத எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா என்ன செய்விய? இன்னும் ரெண்டு போட்டோ கேப்பிய." அவள் குரல் ஏறியது. "ஒரு போட்டோ சரியா வருதா? அவ கண்ண மூடிருவா. பெல்ட்டு தெரியாது. வாரு முறுக்கியிருக்குன்னு சாயங்காலம் நீங்க ஏசுவிய. நாலு தடவ எடுத்து முடிக்கதுக்குள்ள பெல்லடிச்சிரும். அப்புறம் நான் பறந்துதான் போகணும். உங்க போட்டோவால ஒருநா டெம்போல போய் முட்டப் பாத்தேன், தெரியுமா? அதுக்குத்தான் ஒரேயடியா எடுத்து வச்சேன். நிதானமா போறேன் இப்ப."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் கோபம் இன்னும் கூடியது. "தர்ஷினிட்ட குடு" என்றேன்.

வந்தாள். போனை முகத்துக்குக் காட்டாமல் ஃபேனுக்குக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"நீயாவது அப்பாகிட்ட சொல்லக்கூடாதா?"

"அம்மா சொல்லக்கூடாதுன்னு சொன்னா."

"அப்பாகிட்ட பொய் சொல்லலாமா?"

"நான் எங்க பொய் சொன்னேன்ப்பா? சொல்லாமத்தான் இருந்தேன். நீங்க ஐந்தருவிக்குப் போனப்ப சொல்லாதன்னு சொன்னியள்லா, அது மாதிரி."

பின்னாலிருந்து செல்வியின் குரல் வந்தது. "ஐந்தருவியில என்ன?"

"ஒண்ணுமில்ல" என்று நான் சொல்வதற்குள் மகள் ஆரம்பித்துவிட்டாள். இரண்டு வருடம் வைத்திருந்த ரகசியம். பல் விழுந்த இடைவெளியில் காற்று வரச் சொன்னாள். "பைக்கு கீழ விழுந்துட்டும்மா. நான் தூங்கிட்டேன்லா. ஒரு மாமா வந்து என்னத் தூக்குனாங்க. அப்பாவ ஏசுனாங்க, 'சோறுதான் திங்கீரா'ன்னு." அந்த டிரைவரின் குரலை அப்படியே எடுத்துக்காட்டினாள்.

போன் கை மாறியது. செல்வியின் முகம் வந்தது. சிரிப்பு இல்லை.

"தாடைத் தழும்பு அருவியில வழுக்குனதுன்னு சொன்னிய."

"ஆமா."

"ரெண்டு வருசமா அந்தத் தழும்புக்கு மஞ்சள் தடவிக்கிட்டு, காய்ச்சலோட நானும் கூட வந்திருக்கணும்னு என்னயத்தான் ஏசிக்கிட்டிருந்தேன்."

வைத்துவிட்டாள்.

7

செவ்வாய், புதன் போன் இல்லை. படமும் இல்லை. நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை.

என் தப்பு பெரிதா, அவர்கள் தப்பு பெரிதா என்று இரண்டு நாளும் யோசித்தேன். நான் சொன்னது ஒரே ஒரு பொய். அவர்கள் அனுப்பியது நாற்பத்து மூன்று. ஆனால் அவர்கள் ரிப்பன் மாற்றியபோது பிள்ளை விழவில்லை. என் கையில் இருந்தபோதுதான் விழுந்தாள். இப்படி யோசித்தும் மனம் ஆறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏமாந்தது ஏமாந்ததுதான். நானும் ஏமாற்றியவன் என்பதால் எனக்கு வலி குறைந்துவிடவில்லை. அதை வாய்விட்டுச் சொல்கிற உரிமைதான் போய்விட்டது.

காலையில் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அம்மாக்கள் பிள்ளையை ஏற்றிவிட்டுக் கையை ஆட்டிவிட்டுப் போகிறார்கள். என் ஊர் தெரியாது, என் பெயர்கூடப் பாதிப் பேருக்குத் தெரியாது. ஒருத்தரும் இதுவரை என்னிடம் படம் கேட்டதில்லை. இத்தனை வருடத்தில் இதை நான் கவனித்ததே இப்போதுதான்.

வியாழக்கிழமை பிள்ளைகளை இறக்கி, கடைசி சீட் வரை நடந்துவிட்டு வந்து போனை எடுத்தேன். ஒரு படம் வந்திருந்தது. கோணலான படம். ஓரத்தில் செல்வியின் கட்டைவிரல் பாதி. பின்சீட்டில் தர்ஷினி, ஹெல்மெட், பெல்ட். காலை வெயில் கண்ணில் அடிக்க முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. வாய் மட்டும் கொஞ்சம் திறந்திருந்தது.

பெரிதாக்கிப் பார்த்தேன். பல் இல்லை. நிழல் வீட்டுப் பக்கம். கொடியில் நீலத் துண்டு இல்லை. வெட்கமாக இருந்தது, ஆனாலும் மூன்றையும் பார்த்தேன்.

கீழே ஒரு குரல் செய்தி. பின்னணியில் ஸ்கூட்டி சத்தம்.

"இது நிஜம். பல்ல நல்லாப் பாத்துக்கிடுங்க. பின்னாலதான் வச்சுக் கூட்டிட்டுப் போறேன், கட்டித்தான் கூட்டிட்டுப் போறேன். எவ என்ன சொன்னாலும் சொல்லட்டும். நாளையிலருந்து போட்டோ கிடையாது. நம்புனா நம்புங்க. அப்புறம், அடுத்த லீவுல ஐந்தருவிக்கு பஸ்லதான் போறோம். நீங்க டிரைவர் பக்கத்துலகூட உக்காரக் கூடாது."

இரண்டு தடவை கேட்டேன். சேச்சி இறங்கிப் போய்விட்டார். வெளியே பள்ளி மணி அடித்தது. எழுந்து கடைசி சீட் வரை இன்னொரு முறை நடந்து, குனிந்து பார்த்துவிட்டு வந்தேன். யாரும் இல்லை.